எட்டுத் தாளில் ஓர் ஆண்டு மலர்

எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளியின் இந்த ஆண்டுச் செய்திகளையும் மாணவர் செயல்பாடுகளையும் தொகுத்து, எட்டாம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களே எழுதி, வரைந்து, மடித்து, நூலால் தைத்த 32 பக்க ஆண்டு மலர் 100 படிகளாக முடிந்துவிட்டது. ஒரு படிக்கு ஆன செலவு 19 ரூபாய் 80 காசு. நூறு படிகளுக்கு மட்டும் அச்சகத்தில் கொடுத்தால் கட்டுப்படியாகாது என்பதால்தான் நகலகத்தையும் நூலையும் நம்பி இறங்கினோம். இதே நிலையில் இருக்கும் வேறு பள்ளிகளுக்குப் பயன்பட வேண்டும் என்று, வேலை நடந்த வரிசையிலேயே அளவுகளையும் செலவுகளையும் எழுதிவைக்கிறேன்.

கட்டுரைகளை முதலில் வாங்கிக்கொண்டு பிறகு பக்கம் ஒதுக்குவது என்ற முறையில்தான் வேலை தொடங்கியது. பள்ளி இதழ்கள் பெரும்பாலும் அப்படித்தான் தொகுக்கப்படுகின்றன. பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் அறிவிப்பு செய்தோம். கோடு போட்ட நோட்டுத் தாளில், நீல மையில், அரைப் பக்கத்திலிருந்து ஐந்து பக்கம் வரை விதவிதமான நீளத்தில் எழுத்துகள் வந்து குவிந்தன. ஆண்டு விழாவைப் பற்றி மட்டும் ஏழெட்டுக் கட்டுரைகள் இருந்தன. விளையாட்டு விழாவைப் பற்றி ஒன்றுகூட இல்லை. நூலகம், மரக்கன்றுகள், வானவில் மன்றம் என்னும் அறிவியல் மன்றம் ஆகியவற்றை யாரும் தொடவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், எந்தக் கட்டுரையும் எந்தப் பக்கத்துக்கும் பொருந்தவில்லை என்பது. ஐந்து பக்கக் கட்டுரையை நான் வெட்டிச் சுருக்கினால் அது என் கட்டுரையாகிவிடும். ஆகவே எழுதியவற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எழுத்தை நிறுத்திவைத்து, தாளிலிருந்து தொடங்கினோம். இதை அடுத்து வரும் யாரும் முதல் நாளிலேயே செய்துவிடலாம்.

தாளின் கணக்கு எளிது. ஓர் ஏ4 தாளை நடுவில் மடித்தால் ஏ5 அளவில் நான்கு பக்கம் கிடைக்கும். எட்டுத் தாளை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தால் 32 பக்கம். பழைய வினாத்தாள்களில் எட்டை எடுத்து அப்படி மடித்து, முதலிலிருந்து கடைசிவரை சிவப்பு மையில் பக்க எண் எழுதச் சொன்னேன். பிறகு அதைப் பிரித்துத் தனித்தனித் தாளாக மேசையில் பரப்பினோம். முதல் தாளின் ஒரு புறத்தில் 32-உம் 1-உம், மறுபுறத்தில் 2-உம் 31-உம் இருந்தன. இரண்டாம் தாளில் 30-உம் 3-உம், 4-உம் 29-உம். எட்டாம் தாளில் 18-உம் 15-உம், 16-உம் 17-உம். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, “சார், எந்தப் பக்கம் பார்த்தாலும் ரெண்டையும் கூட்டினா 33 வருது” என்றாள். அதன்பிறகு நகலகத்தில் எந்தத் தாளை எதனோடு வைக்க வேண்டும் என்ற சந்தேகம் வரும்போதெல்லாம் 33 தான் சோதனை. பக்கங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டினால் அந்த எண் கிடைக்கும். 24 பக்க இதழானால் 25.

இந்த மாதிரிப் புத்தகம் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. பத்தாம் வகுப்பினர் ஒவ்வொருவரும் விடைபெறும்போது சொல்ல விரும்பும் ஒரு வரியை எழுதி, அதைச் சுற்றி ஒரே பெரிய ஆலமரத்தை வரைய வேண்டும் என்று மாணவர்கள் ஆசைப்பட்டார்கள். அதற்கு 28, 29 ஆகிய எதிரெதிர்ப் பக்கங்களைக் குறித்திருந்தார்கள். படிக்கும்போது அவை பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் அச்சாகும்போது 28 இருப்பது 5-உடன் ஒரு தாளில், 29 இருப்பது 4-உடன் வேறொரு தாளில். மரத்தின் நடுத்தண்டு பிளந்து, ஒரு பாதி சற்று மேலும் ஒரு பாதி சற்றுக் கீழுமாகத்தான் வந்து சேரும். ஒரே தாளில் தொடர்ந்து வரும் எதிரெதிர்ப் பக்கங்கள் நடுவிலுள்ள 16-உம் 17-உம் மட்டுமே. எனவே ஆலமரம் நடுப்பக்கத்துக்கு வந்தது. நூல் முடிச்சும் அங்கேதான் விழும் என்பதால் தண்டை மடிப்பிலிருந்து சற்றே இடப்புறம் தள்ளி வரைந்தார்கள்.

மாதிரிப் புத்தகத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் செய்தியின் பெயரையும் எழுதுபவரின் பெயரையும் பென்சிலால் குறித்த பிறகுதான் மீண்டும் எழுதச் சொன்னோம். இந்த முறை எல்லோருக்கும் ஓர் அளவு இருந்தது. எழுதுவது ஏ4 தாளில். நகலெடுக்கும்போது அது 71 சதவீதமாகச் சுருங்கி ஏ5 பக்கமாகிவிடும். நான்கு புறமும் 15 மி.மீ. விளிம்பு விட வேண்டும். சுருங்கிய பிறகு அது சுமார் 10 மி.மீ. ஆகும். நகல் இயந்திரம் தாளின் ஓரத்தில் நாலைந்து மி.மீ. அளவுக்கு எதையும் பதிக்காது. மடித்த தாள்களில் உள்தாள்கள் வெளியே சற்று நீட்டிக்கொண்டும் நிற்கும். இவ்விரண்டையும் அந்த 10 மி.மீ. தாங்கிக்கொள்கிறது. வரிக்கும் வரிக்கும் 10 மி.மீ. இடைவெளி, எழுத்தின் உயரம் 5 மி.மீ. இப்படி எழுதினால் தலைப்புப் போக ஒரு பக்கத்தில் 24 வரி, ஏறத்தாழ 120 சொல். கோடு போட்ட தாளில் எழுதினால் கோடும் நகலில் வந்துவிடும் என்பதால், ஒரு தாளில் ஸ்கெட்ச் பேனாவால் தடித்த கோடுகள் போட்டு அதை அடியில் வைத்துக்கொண்டு, மேலே வெள்ளைத் தாளில் எழுதினார்கள். தடித்த கோடு மேல்தாளில் நன்றாகவே தெரிகிறது.

120 சொல் என்ற கட்டுப்பாடு எழுத்துக்குச் செய்த நன்மை பெரிது. முதலில் வந்த கட்டுரைகளில் எல்லா விழாவும் ‘மிகச் சிறப்பாக நடைபெற்று’ ‘இனிதே நிறைவுற்றது.’ அதற்கு இப்போது இடமில்லை. ஒவ்வொரு செய்தியிலும் எழுதுபவர் தன் கண்ணால் பார்த்த ஒன்றும், தானே அளந்தோ எண்ணியோ அறிந்த ஒன்றும் இருக்க வேண்டும் என்று கேட்டோம். தேதிகளைப் பள்ளியின் சுற்றறிக்கைப் பேரேட்டில் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பது மற்றொரு விதி. மரக்கன்று பற்றி எழுத ஒப்புக்கொண்ட மாணவன் அடிமட்டத்துடன் தோட்டத்துக்குப் போய், வடகிழக்குப் பருவமழை தொடங்கியபோது நட்ட 40 புங்கன் கன்றுகளில் 23 உயிரோடு இருப்பதாக எண்ணி வந்தான். காய்ந்தவற்றில் பெரும்பகுதி குழாயிலிருந்து தொலைவில் உள்ள வேலி ஓரத்தில் இருந்ததையும் ஒரு சிறு வரைபடமாகப் போட்டான். கன்று நட்ட அன்று எடுத்த படத்தை வெளியிடுவதைவிட இது எவ்வளவோ மேலான செய்தி. அதைப் படித்துவிட்டு ஏழாம் வகுப்பினர் வேலி ஓரத்துக்கு வாளியில் தண்ணீர் கொண்டுபோகத் தொடங்கியிருக்கிறார்கள்.

மற்ற பக்கங்களும் இதே வழியில் நிரம்பின. பள்ளி அளவில் தொடங்கி வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று மேலேறும் கலைத் திருவிழாவைப் பற்றி எழுதியவர்கள், வட்டார அளவோடு திரும்பிய பறையாட்டக் குழுவிடம் பேட்டி எடுத்தார்கள். வென்றவர்களின் பட்டியல் ஒரு பெட்டிக்குள் அடங்கியது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2022 நவம்பரில் தொடங்கப்பட்ட வானவில் மன்றத்தின் கருத்தாளர் வகுப்பில் செய்துகாட்டிய சோதனைகளில் ஒன்றை, படிப்பவர் வீட்டில் செய்து பார்க்கும்படி படிப்படியாக எழுதினார்கள். படிப்பு உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். தேர்வைப் பற்றி ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினோம். எட்டாம் வகுப்பில் எழுதும் இத்தேர்வில் தேர்வாகிறவருக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்புவரை மாதம் 1000 ரூபாய் கிடைக்கிறது என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. ஆண்டு மலர் வீட்டுக்குப் போகும் என்பதால் அந்தப் பக்கம் அவர்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது.

புகைப்படங்களை முற்றிலும் தவிர்த்தோம். கறுப்பு வெள்ளை நகலில் முகங்கள் கரும்பட்டையாகிவிடுகின்றன. மாணவிகளின் படங்களைப் பெற்றோரைக் கேட்காமல் வெளியிடுவதும் முறையல்ல. கோட்டோவியம் நகலில் மிகத் தெளிவாக வருகிறது. உயரம் தாண்டுதலை வரைந்த மாணவன், தாண்டுபவரின் உடலைக் காட்டிலும் கம்பி விழுகிறதா என்று வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களைத்தான் வரைந்திருந்தான். எந்தக் கேமராவும் அதை எடுத்திருக்காது.

அடுத்தது நகலெடுப்பு. முழு இதழையும் கொடுப்பதற்கு முன்பு நான்கைந்து பக்கங்களை மட்டும் சுருக்கி நகலெடுத்துப் பார்த்தது எங்களைக் காப்பாற்றியது. பந்துமுனைப் பேனாவால் எழுதிய பக்கங்களில் மெய்யெழுத்தின் புள்ளிகள் மறைந்து ‘பட்டம்’ என்பது ‘படடம’ ஆகிவிட்டது. ‘ண’வின் சுழிகள் அடைபட்டன. ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்றுபோலத் தெரிந்தன, ஏனெனில் இரண்டையும் வேறுபடுத்துவது அந்தச் சிறு சுழி ஒன்றுதான். நீல மையில் எழுதியது சாம்பல் நிறமாக வெளிறிவிட்டது. எல்லாவற்றையும் 0.7 மி.மீ. முனையுள்ள கறுப்பு ஜெல் பேனாவில் எழுதச் செய்து, புள்ளியைத் தொட்டுவிட்டு எடுக்காமல் பேனாவை அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றி வைக்கச் சொன்னோம். சுழிகளை வழக்கத்தைவிட ஒரு மடங்கு பெரிதாக எழுத வேண்டியிருந்தது. தாளில் பார்க்கும்போது சற்று மிகையாகத் தெரிந்தாலும், சுருங்கிய பிறகு அழகாகவே இருந்தது.

பிழைகளை வெள்ளை மையால் அழித்தால் அதன் திட்டு நகலில் நிழலாக விழுகிறது. சரியான சொல்லைத் தனித் துண்டில் எழுதி ஒட்டுவது நல்லது. ஒட்டுவதற்கு மைதாப் பசை வேண்டாம். ஈரத்தில் தாள் சுருங்கி, கண்ணாடியில் படியாமல் அந்த இடம் மங்கலாகிவிடுகிறது. கிளூ ஸ்டிக் போதும். ஒட்டிய துண்டின் ஓரம் மெல்லிய கோடாகத் தெரிந்தால், நகலகத்தில் அடர்த்தியை ஒரு படி குறைக்கச் சொன்னால் மறைந்துவிடும்.

எழுதிய இரண்டு ஏ4 பக்கங்களை ஏ3 அளவுள்ள கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 71 சதவீதத்தில் ஏ4 தாளில் எடுப்பதுதான் முறை. இடப்புறம் எது, வலப்புறம் எது என்று குழம்பாமலிருக்க, 16 உறைகளில் இரண்டிரண்டு பக்கங்களாகப் போட்டு, உறையின் மேல் ‘தாள் 1 முன்: 32 | 1’, ‘தாள் 1 பின்: 2 | 31’ என்று எழுதிக் கொடுத்தோம். அப்படியும் முதல் சோதனைத் தாளில் பின்பக்கம் தலைகீழாக வந்தது. நடுவில் மடிக்கும் இதழுக்குத் தாளைக் குறுகிய ஓரத்தில் திருப்ப வேண்டும். நகலகங்களில் வழக்கமாகத் திருப்புவது நீண்ட ஓரத்தில். ஒரே ஒரு படியை முழுதாக எடுத்து, அங்கேயே நின்று மடித்து, 1 முதல் 32 வரை புரட்டிப் பார்த்த பிறகுதான் மீதி 99-ஐ எடுக்கச் சொன்னோம். 70 ஜி.எஸ்.எம். கனமுள்ள தாளில் பக்கத்துக்கு 75 காசும், 80 ஜி.எஸ்.எம். தாளில் 80 காசும் கேட்டார்கள். 70 ஜி.எஸ்.எம். தாளில் பின்பக்க ஆலமரம் முன்பக்கத்தில் நிழலாடியது. கூடுதலாக 80 ரூபாய் கொடுத்து இரண்டாவதையே எடுத்துக்கொண்டோம்.

அட்டைக்கு நிற சார்ட் தாள். 56 செ.மீ.க்கு 71 செ.மீ. உள்ள ஒரு சார்ட்டிலிருந்து நான்கு அட்டை வெட்டலாம். உள்ளே எட்டுத் தாளின் தடிமன் இருப்பதால் அட்டை ஏ4-ஐவிட அகலத்தில் 6 மி.மீ. கூடுதலாக, அதாவது 30.3 செ.மீ. இருக்க வேண்டும். தலைப்பை ஸ்டென்சிலாக வெட்டுவதற்குப் பழைய எக்ஸ்ரே படங்கள் மிகப் பொருத்தம். பலமுறை கழுவினாலும் கெடுவதில்லை. தமிழ் எழுத்தை ஸ்டென்சிலாக வெட்டும்போது ‘ப’, ‘ட’ போன்ற திறந்த வடிவங்கள் சிக்கல் தருவதில்லை. மூடிய வட்டமுள்ள எழுத்துகளில் உள்வட்டம் தனியாக விழுந்துவிடும், அதற்கு ஒரு மெல்லிய பாலம் விட்டு வெட்ட வேண்டும். வண்ணத்தில் தண்ணீர் சேர்க்கவே கூடாது. ஸ்பாஞ்சைப் போஸ்டர் வண்ணத்தில் தொட்டு, வேறொரு தாளில் இரண்டுமுறை ஒற்றி ஈரம் குறைந்த பிறகு ஸ்டென்சிலின் மேல் செங்குத்தாகத் தட்டினால் ஓரம் கசியாது. தேய்த்த அட்டைகள் எல்லாவற்றிலும் வண்ணம் அடியில் புகுந்துவிட்டது.

சார்ட்டை மடிக்கும்போது சில அட்டைகள் மடிப்பில் வெடித்தன. தாளுக்கு இழையோட்டம் உண்டு. இரு பக்கமும் மெதுவாக வளைத்துப் பார்த்தால் எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தத் திசையில்தான் மடிப்பு அமைய வேண்டும். வெட்டும்போது நாங்கள் எண்ணிக்கையை மட்டும் கவனித்ததால், எல்லா அட்டைகளும் இழைக்கு எதிராக மடியும்படி அமைந்துவிட்டன. இருந்த அட்டைகளை மீட்க, மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் இரும்பு அளவுகோலை வைத்து நடுவில் ஒரு கோடு அழுத்தி இழுத்து, அந்தப் பள்ளத்தின் வழியே மடித்தோம். வெடிப்பு ஏறக்குறைய நின்றுவிட்டது. உள்தாள்களின் மடிப்பை எவர்சில்வர் கரண்டியின் பின்புறத்தால் அழுத்தித் தேய்த்தார்கள். விரல் நகத்தால் தேய்த்த படிகள் மறுநாள் மீண்டும் விரிந்துகொண்டன.

தைப்பதுதான் மாணவர்கள் மிகவும் விரும்பிச் செய்த வேலை. சாதாரண ஸ்டேப்ளரின் கை தாளின் நடுவரை எட்டாது. நீண்ட கை உள்ளதை வாங்கும் செலவில் பாதி இதழே முடிந்துவிடும். மூன்று துளைத் தையலுக்கு ஒரு குத்தூசி, தையல் ஊசிகள், ஒரு கண்டு ட்வைன் நூல் போதும். ஏ5-இன் உயரம் 210 மி.மீ. அட்டைத் துண்டு ஒன்றில் மேலிருந்து 45, 105, 165 மி.மீ. அளவுகளில் துளை போட்டு அளவு அட்டையாக வைத்துக்கொண்டோம். பழைய தடித்த புத்தகம் ஒன்றை நடுவில் திறந்து, அந்தப் பள்ளத்தில் இதழை விரித்து வைத்து, உள்ளிருந்து வெளிப்புறமாகக் குத்த வேண்டும். வடிவியல் பெட்டியிலுள்ள கவராயத்தின் முனையால் குத்திப் பார்த்தோம். ஒன்பது தாள்களை ஊடுருவ அதன் நீளம் போதவில்லை, துளையும் அகன்றுவிடுகிறது.

60 செ.மீ. நூலை மெழுகுவர்த்தியில் இரண்டுமுறை இழுத்துத் தேய்த்துக்கொண்டு, உள்ளிருந்து நடுத்துளை வழியாக வெளியே வந்து, மேல்துளை வழியாக உள்ளே போய், நடுத்துளையைத் தாண்டி நேராகக் கீழ்த்துளை வழியாக வெளியே வந்து, மீண்டும் நடுத்துளை வழியாக உள்ளே திரும்ப வேண்டும். இப்போது இரண்டு நூல்முனைகளும் உள்ளே, நீண்ட இழையின் இருபுறமும் ஒவ்வொன்றாக நிற்கும். அந்த இழையை நடுவில் பிடித்து முடிச்சிட்டால் தையல் தளராது. இரு முனைகளும் இழையின் ஒரே பக்கத்தில் இருந்துவிட்டால் முடிச்சு நூலைப் பிடிக்காமல் தொங்கும். ஒருவர் தாள் அடுக்கவும், ஒருவர் குத்தவும், இருவர் தைக்கவும், ஒருவர் பக்க எண்ணைப் புரட்டிச் சரிபார்க்கவும் என ஐந்து பேர் கொண்ட குழுக்களாக அமர்ந்தார்கள். சரிபார்ப்பவர் இல்லாத குழுவில்தான் ஐந்தாம் தாள் இரண்டு முறை சேர்ந்த படிகள் வந்தன. ஓரத்தைச் சீராக வெட்டவில்லை. உள்தாள்கள் ஒரு மி.மீ. அளவுக்கு நீட்டி நிற்பது கையில் பிடிக்கும்போது உறுத்தவில்லை.

செலவுக் கணக்கு இது: நகல் 1600 பக்கம் 1280 ரூபாய், சோதனை நகல்கள் 70, சார்ட் தாள் 25-க்கு 300, ஜெல் பேனா பத்துக்கு 100, வண்ணமும் ஸ்பாஞ்சும் 130, குத்தூசியும் ஊசிகளும் 60, நூல் 40. மொத்தம் 1980 ரூபாய். ஆசிரியர்கள் பகிர்ந்துகொண்டோம். பத்தாம் வகுப்பினர் பொதுத்தேர்வுக்கான ஆயத்தத்தில் இருந்ததால் அவர்களிடம் வேலை எதுவும் கொடுக்கவில்லை. நுழைவுச்சீட்டு வாங்க வந்த அன்று முதல் படிகள் அவர்களுக்குத்தான் போயின. மற்றவை ஒன்பதாம் வகுப்புக்கும், எழுதியவர்களுக்கும், வகுப்புக்கு ஒன்றாகவும், நூலகத்துக்கும் பிரிந்தன.

அடுத்த ஆண்டு மாற்ற வேண்டியவற்றைக் குறித்திருக்கிறோம். சார்ட்டை வெட்டுவதற்கு முன் இழையோட்டத்தை அம்புக்குறியால் குறிக்க வேண்டும்; அதனால் ஒரு சார்ட்டில் நான்குக்குப் பதில் மூன்று அட்டைதான் கிடைத்தாலும் சரி. வெளி ஓரத்து விளிம்பு போதுமானதாக இருந்தது. நடு மடிப்பு ஓரத்தில் மட்டும் 20 மி.மீ. விட வேண்டும், ஏனெனில் முதல் தாள்களில் வரியின் தொடக்கம் மடிப்புக்குள் புதைகிறது. பள்ளி திறக்கும் ஜூன் மாதத்திலேயே 32 பக்க மாதிரிப் புத்தகத்தைச் செய்து வகுப்பில் ஆணியில் மாட்டிவிட்டு, அதன் அருகே ஒரு செய்திக் குறிப்பேட்டையும் வைக்கப்போகிறோம். நிகழ்ச்சி நடந்த வாரத்திலேயே தேதியும் அளவும் அதில் ஏறிவிட வேண்டும். பிப்ரவரியில் உட்கார்ந்து ஆகஸ்டு மாதத்து விளையாட்டு விழாவை நினைவுபடுத்திக்கொள்ள முயன்றபோது, நீளம் தாண்டுதலின் அளவைத் தேடி உடற்கல்வி ஆசிரியரின் பழைய நோட்டுகளைப் புரட்ட வேண்டியிருந்தது. இந்த ஆண்டின் கையெழுத்துப் பக்கங்களும், 16 உறைகளும், அளவு அட்டையும், எக்ஸ்ரே ஸ்டென்சிலும் நூலக அலமாரியில் ஒரே பெட்டியில் இருக்கின்றன. அதன் பொறுப்பை இப்போது எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்பதுக்குப் போகும் நான்கு பேர் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள்.